கனடாக் குடியானவரும் கரிப்புகைத் தீர்வையும்

பூமி சூடேறி வருகிறதென்பதும், கரியமில வாயுவின் பெருக்கமே அதற்கு முக்கிய காரணமென்பதும் இனி வாதத்திற்குரிய விஷயங்களல்ல. அவ்வாயுவைக் குறைக்கும் செலவை எவர் தலையில் எவ்வளவு ஏற்றுவது என்பதே இன்றைய ராஜ்ய விவகாரம். கனடா தேசத்துக் குடியானவரின் வழக்கு இதற்குத் தக்க திருஷ்டாந்தமாகும்.

2018-ல் அத்தேசத்துப் பார்லிமெண்டு இயற்றிய சட்டப்படி, சொந்த ஏற்பாடு செய்துகொள்ளாத மாகாணங்களில் 2019 ஏப்ரல் முதல் எரிபொருள்மீது தீர்வை விதிக்கப்பட்டது. டன் ஒன்றுக்கு 20 டாலராகத் தொடங்கிய விகிதம் 2024-ல் 80 டாலராயிற்று. உழவு யந்திரங்களுக்கான டீசலுக்கும் பெட்ரோலுக்கும் ஆரம்பத்திலேயே விலக்களித்துவிட்டனர். ஆனால் தானியத்தை உலர்த்தவும் தொழுவங்களைச் சூடாக்கவும் எரிக்கும் புரொப்பேனுக்கும் இயற்கை வாயுவுக்கும் அவ்விலக்கு இல்லை. உழுவதற்கு விலக்கு, அறுத்ததைக் காப்பதற்கு வரி! இந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.

2019-ம் வருஷ அறுவடைக் காலத்தில் ஸஸ்காட்செவான், மனிடோபா மாகாணங்களில் மழையும் பனியும் விளைந்த பயிரை நனைத்துவிட்டன. ஈரத் தானியத்தைக் களஞ்சியத்தில் சேர்த்தால் பூசணம் பிடிக்கும். நம்மூர்க் களத்தில்போலப் பரப்பிக் காயவைக்கலாமென்றால், அப்பருவத்தில் அங்கே அதற்கு வெயில் ஏது? வாயுவை எரித்தே தீரவேண்டும். அச்செலவைக் கோதுமையின் விலையிலும் ஏற்றமுடியாது. அவ்விலையை நிர்ணயிப்பது உலகச் சந்தையேயன்றிக் குடியானவனல்ல.

சர்க்கார் தரப்பையும் கேட்பது முறை. எரிபொருளின் விலை ஏறினால்தான் சிக்கனமான யந்திரங்களை நாடுவார்கள், விலக்களித்தால் அத்தூண்டுதல் போய்விடும் என்றனர். தீர்வைப் பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவும் ஏற்பாடு செய்தனர். 2021-ம் வருஷக் கணக்கில் சாகுபடிச் செலவு ஆயிரம் டாலருக்கு 1 டாலர் 47 சென்ட் கிடைத்தது. எரித்த வாயுவின் அளவைப் பாராமல் மொத்தச் செலவைப் பார்த்தே கொடுத்தமையால், குறைவாக எரிப்பவனுக்கு லாபம். காகிதத்தில் இது அழகான யுக்திதான். ஆனால் நனைந்த தானியத்தோடு நிற்பவனுக்கு வேறு வழி ஒன்று இருந்தாலல்லவா தூண்டுதல் பலிக்கும்?

2022-ல் கன்ஸர்வேடிவ் கட்சி அங்கத்தினர் பென் லாப் ஒரு விலக்கு மசோதாவைக் கொணர்ந்தார். சர்க்காரின் எதிர்ப்பை மீறி, 2023 மார்ச்சில் காமன்ஸ் சபை அதை நிறைவேற்றிற்று. டிசம்பரில் செனட் சபை தொழுவங்களை நீக்கி, தானியம் உலர்த்துவதற்கு மட்டும் விலக்கென்று திருத்தித் திருப்பி அனுப்பியது. அதன்மீது முடிவு காணாமலே நாட்கள் கழிந்தன. 2025-ல் பார்லிமெண்டு கலைந்தபோது மசோதாவும் மாண்டது.

இதனிடையே 2023 அக்டோபரில், வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய்க்கு மூன்று வருஷ விலக்கை அறிவித்தார், அப்போதைய பிரதம மந்திரி ட்ரூடோ. அதனால் பெரிதும் பயனடைந்தவை அட்லாண்டிக் மாகாணங்கள். மேற்கே முடியாதென்ற வாய் கிழக்கே முடியுமென்றது. தீர்வையின் தார்மிக பலம் அன்றே போய்விட்டதென்பது நமது அபிப்பிராயம்.

எதிர்க்கட்சியினரையும் நாம் புகழ்வதற்கில்லை. வரியை ஒழிப்போமென்று ஊர்தோறும் முழங்கினார்கள். 2021-ல் அதே மேற்கு மாகாணங்களைக் கடும் வறட்சி வாட்டியதே. வெப்பம் ஏற ஏற இத்தகைய வறட்சிக்கு முதலில் இரையாகப் போகிறவன் தாங்கள் பரிந்து பேசும் அதே குடியானவனென்பதை அக்கூட்டங்களில் எத்தனைபேர் எடுத்துரைத்தார்கள்?

2025 ஏப்ரல் முதல் தேதி, புதிய பிரதம மந்திரி கார்னியின் சர்க்கார் எரிபொருள் தீர்வையைச் சூன்யமாக்கியது. பெருந் தொழிற்சாலைகளின்மீதுள்ள தீர்வை மட்டும் நிற்கிறது. தானியம் உலர்த்தும் யந்திரங்களோ இன்னமும் பெரும்பாலும் வாயுவையே எரித்து வருகின்றன.