பச்சைக் கிளிக்கு நீலக் குஞ்சு

பச்சை நிறச் சோடியொன்றின் கூட்டில் நீலக் குஞ்சொன்று தலை நீட்டுமாயின் வீட்டார் திகைப்பர். குஞ்சு மாறிற்றோ என ஐயுறுவாரும் உளர். பெரும்பாலும் ஐயத்துக்கு இடமில்லை. தாயும் தந்தையும் தம்முள் மறைத்து வைத்திருந்த செல்வமே அந்நீலம்.

நம்மவர் பலர் ‘லவ் பேட்ஸ்’ என அழைக்கும் பட்ஜெரிகார், ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களுக்கு உரியது. 1840இல் பறவையறிஞர் ஜோன் கூல்ட் அதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொணர்ந்தார். அதன் இயற்கை நிறம் பச்சை. அப்பச்சையோ இரண்டன் கூட்டு: இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறச் செய்து தரும் நீலம் ஒன்று, இறகிலுள்ள மஞ்சட் சாயம் மற்றொன்று. மஞ்சள் உண்டாகாவிடின் நீலமே எஞ்சும். அச்சாயத்தை ஆக்கும் பரம்பரையலகில் நேர்ந்த சிறு மாற்றமே இதற்குக் காரணமென 2017இல் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர்.

ஒவ்வொரு குஞ்சும் இவ்வலகைத் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாகப் பெறுகின்றது. பச்சை ஆட்சியுடையது, நீலம் பின்னிடைவானது. ஆகவே பச்சையலகு ஒன்றிருப்பினும் பறவை பச்சையாகவே தோன்றும். நீலத்தை மறைத்து வைத்த இரு பச்சைகள் கூடின், நான்கிலொரு பங்கு நீலக் குஞ்சுகளை எதிர்பார்க்கலாம். மெண்டல் பட்டாணிச் செடிகளில் ஆராய்ந்து 1866இல் வெளியிட்ட விதியே இங்கும் செல்லும்.

செங்கண்ணும் மஞ்சளிறகும் உடைய லுட்டினோவின் வழி வேறு. அதன் அலகு இலிங்க நிறமூர்த்தத்தில் உளது. லுட்டினோ ஆணைப் பச்சைப் பேட்டுடன் சேர்த்தால், பிறக்கும் பேடுகள் யாவும் லுட்டினோ. ஆண்கள் யாவும் பச்சை. கண்ணின் நிறங்கொண்டே குஞ்சின் பாலை அறியலாம்!

ஆயினும், நான்கிலொன்று என்பது வாக்குறுதியன்று. ஒவ்வொரு முட்டையும் தனித்தனிச் சீட்டுக் குலுக்கல் போன்றது. நான்கு குஞ்சுகள் பிறந்தும் ஒன்றேனும் நீலமாகாதிருத்தல் ஏறக்குறைய மூன்று தடவையில் ஒரு தடவை நேரும்.

இங்கேதான் ஆசை அறிவை மறைக்கின்றது. அரிய நிறத்தை விரைவிற் பெறக் கருதி உடன்பிறந்தவற்றையே தலைமுறை தலைமுறையாகச் சேர்ப்பார் உளர். அவ்வழியில் நிறத்தோடு மறைந்த குறைகளும் வெளிப்படும். குஞ்சுகள் நலிந்து மடியும். அதைவிடுத்து, நீலம் மறைந்துள்ள பச்சையை உறவற்ற நீலத்துடன் சேர்த்தால் பாதிக் குஞ்சுகள் நீலமாகலாம். சோடிகளின் வழிமுறையை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போமாக. கணக்கு நிறத்தைச் சொல்லும். நலத்தைக் காப்பது நம் கடன்.