உஷார்! மீன் தொட்டி இருக்கும் அறையில் ஸ்பிரே பெயிண்டா?

கையில் ஸ்பிரே கேன் இருந்தால் முதலில் அதைக் கீழே வையுங்கள். தொட்டியில் மீன் இருக்கும்வரை அந்த அறையில் ஸ்பிரே பெயிண்ட் அடிக்கவே கூடாது. உள்ளே வைக்கும் அலங்காரக் கோட்டைக்கு மட்டுமல்ல, பின்பக்கக் கண்ணாடியின் வெளிப்புறத்துக்கும் கூடாது.

"வெளியேதானே அடிக்கிறேன், தண்ணீரில் ஒரு சொட்டுகூடப் படாதே" என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நினைப்புதான் பேராபத்து. ஏர் பம்ப் காற்றை எங்கிருந்து இழுக்கிறது? நீங்கள் பெயிண்ட் அடிக்கும் அதே அறையிலிருந்து. ஸ்பிரே கேனில் நிறம் மட்டும் இல்லை. டொலுவீன், சைலீன், அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் இருக்கின்றன. பெயிண்டை வெளியே தள்ளுவதற்கு புரொப்பேன், பியூட்டேன், டைமெத்தில் ஈதர் போன்ற வாயுக்களை அடைத்திருக்கிறார்கள். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. கீழே இறங்கித் தண்ணீரின் மேல் படியும். போதாக்குறைக்கு, ஏர் பம்ப் அதை இழுத்து ஏர் ஸ்டோன் வழியாகப் பொடிக் குமிழ்களாக்கித் தண்ணீருக்குள் விடுகிறது. ஆக்சிஜன் நன்றாகக் கலக்கட்டும் என்று நாம் செய்த ஏற்பாடே விஷத்தையும் கலந்துவிடும்.

மீனின் செவுளில் ரத்தத்தையும் தண்ணீரையும் பிரிப்பது மிக மெல்லிய ஒரு சவ்வு. கொழுப்பில் கரையும் கரைப்பான்கள் அதை எளிதில் ஊடுருவிவிடும். ஃபைட்டர், குராமி வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த மீன்கள் மேலே வந்து காற்றை நேரடியாக விழுங்குபவை. ஏர் பம்பே இல்லாத கண்ணாடிக் குடுவையில் இருந்தாலும் அவை தப்பாது.

இன்னொரு விபரீதமும் நடக்கிறது. மூச்சுத் திணறும் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பார்ப்பவர்கள் காற்று போதவில்லை என்று நினைத்து பம்பின் வேகத்தைக் கூட்டுவார்கள். பெயிண்ட் வாடை இருக்கும் அறையில் அது கொலைக்குச் சமம். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது வேறு. பம்பை உடனே நிறுத்துங்கள். ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். தனியாகப் பிடித்து வைத்த, குளோரின் நீக்கிய தண்ணீருக்கு மீன்களை மாற்றி, வாடை இல்லாத இடத்துக்குக் கொண்டு போங்கள். அங்கே பம்பைத் தாராளமாகப் போடலாம். பழைய தொட்டியில் தண்ணீரைப் பெருமளவு மாற்றிவிட்டு, ஃபில்டரில் புது ஆக்டிவேட்டட் கார்பன் வையுங்கள். கரைப்பான்களை அது பிடித்துக்கொள்ளும். மீன் சாய்ந்து நீந்துவது, துடுப்பை மடக்கிக்கொள்வது, உடம்பில் வழவழப்பு கூடுவது எல்லாமே அபாய அறிகுறிகள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

சரி, வெளியே வைத்துப் பெயிண்ட் அடித்து, காயவைத்து, பிறகு பொம்மையைத் தொட்டிக்குள் போடலாமா? கேனில் "அரை மணி நேரத்தில் காயும்" என்று போட்டிருப்பது, தொட்டால் கையில் ஒட்டாது என்பதற்கு மட்டுமே. உள்ளடுக்கில் இருக்கும் கரைப்பான் முழுவதும் வெளியேற ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகலாம். ஈரக்காற்று அடிக்கும் மழைக்காலத்தில் இன்னும் தாமதமாகும். முகர்ந்தால் லேசாக வாடை வந்தாலும் அது காயவில்லை என்றே பொருள்.

முழுக்கக் காய்ந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. வழவழப்பான கண்ணாடியிலும் சிலிக்கானிலும் பெயிண்ட் பிடித்து நிற்காது. தண்ணீரில் ஊறிச் செதில் செதிலாக உரியும். பாசியைச் சுரண்டித் தின்னும் சக்கர் மீன் அதையும் சேர்த்துச் சுரண்டும். கோல்ட் ஃபிஷ் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். தங்க நிறப் பெயிண்டுகள் பலவற்றில் பித்தளைத் தூள் இருக்கிறது. பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும். இறாலும் நத்தையும் சாவதற்கு மிகச் சிறிய அளவு செம்பு போதும். குளியலறைச் சுவருக்கான பெயிண்டுகளில் பூஞ்சைக்கொல்லியே கலந்திருக்கலாம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுகளிலும் அலங்காரப் பெயிண்டுகளிலும் ஈயம் 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயிண்டுகளை அது கட்டுப்படுத்தாது. மனிதர்களைக் காக்கப் போட்ட வரம்பு அது. இரவும் பகலும் அந்தத் தண்ணீரையே சுவாசிக்கும் மீனை மனதில் வைத்துப் போட்டதல்ல.

வெளிநாடுகளில் கடல்மீன் வளர்ப்போர் சிலர், பிளாஸ்டிக்கில் பிடிக்கும் அக்ரிலிக் ஸ்பிரேயை பி.வி.சி. குழாய்களுக்கு அடித்து, நாள்கணக்கில் காயவைத்துக் கழுவிப் பயன்படுத்துகிறார்கள். மீன் சாகவில்லை என்றும் சொல்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் அவர்களுடைய தொட்டிகள் பெரும்பாலும் பல நூறு லிட்டர் பிடிப்பவை. நம் வீட்டு இரண்டடித் தொட்டி, ஓரடி அகலமும் ஓரடி உயரமும் இருந்தால், விளிம்புவரை நிரப்பினாலும் 57 லிட்டரைத் தாண்டாது. அவ்வளவு குறைந்த தண்ணீரில் சிறு கசிவும் பெரிய நஞ்சு. கேனில் மீன் தொட்டிக்கு உகந்தது என்று தெளிவாகப் போட்டிருந்தால் ஒழிய, உள்ளே போகும் எதற்கும் அதை அடிக்க வேண்டாம் என்பதே என் முடிவு.

நிறம் வேண்டும் என்றால் வழியா இல்லை? சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் பேக்கிரவுண்ட் ஷீட் வாங்கி வெளியே ஒட்டலாம். பெயிண்ட்தான் வேண்டும் என்றால், காலித் தொட்டியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், பின்கண்ணாடியின் வெளிப்புறத்தில் மட்டும் அடித்து, வாடை முற்றிலும் போன பிறகு இறக்குங்கள். தெர்மகோலில் பாறை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்பிரே பெயிண்ட் பட்டால் தெர்மகோலே கரைந்துபோகும். மீன் தொட்டிக்கான சிலிக்கானைத் தடவி, கழுவிய மணலை அதன்மேல் தூவினால் போதும். பூஞ்சைக்கொல்லி கலந்த குளியலறை சிலிக்கானை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

பொங்கலுக்குக் கதவு, ஜன்னலுக்கு எனாமல் அடிக்க ஆள் வரப்போகிறாரா? அவர் கொண்டுவரும் தின்னருக்கும் இதே எச்சரிக்கைதான். தண்ணீரோடு தொட்டியைத் தூக்காதீர்கள், மூலை விட்டுவிடும். முந்தின நாளே மீன்களை மூடியுள்ள டப்பில் வேறு அறைக்கு மாற்றி, பம்பையும் அங்கேயே வைத்துவிடுங்கள். வீட்டில் வாடை அடங்கும்வரை மீன்கள் அங்கேயே இருக்கட்டும்.