சொல்லும் சூழலும் – 12: நெடுங்குன்றம் சாலையில் ஒரு ‘பேனிக்’

மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்த 2023 டிசம்பர் தொடக்கம். தாம்பரத்தை அடுத்த பெருங்களத்தூர் – நெடுங்குன்றம் சாலையை ஓர் இரவில் முதலை ஒன்று குறுக்கே கடந்து போனது. அவ்வழியே வந்தவர்கள் செல்போனில் பிடித்த காட்சி ஊரெல்லாம் சுற்றியது.

வனத்துறைச் செயலாளர் சுப்ரியா சாகு எக்ஸ் தளத்தில் விளக்கம் தந்தார். சென்னையின் சில நீர்நிலைகளில் சதுப்பு நில முதலைகள் உண்டு, மனிதர்களைக் கண்டால் ஒதுங்கும் சுபாவம், நீர்நிலை வழிந்ததால் வெளியே வந்திருக்கிறது, சீண்டாவிட்டால் ஒன்றும் செய்யாது. இவற்றுக்கு நடுவே ‘நோ நீட் டு பேனிக்’. காரணம் சொல்லிவிட்டுப் பதறாதீர்கள் என்பது அதிகாரிகளிடம் அபூர்வம். பலர் இரண்டாவதை மட்டும் சொல்லி, இல்லாத பதற்றத்தையும் வரவழைத்துவிடுவார்கள்.

பேனிக்கும் வெறும் பயமும் ஒன்றல்ல. பரிசோதனை முடிவு வரும்வரை வயிற்றைப் பிசைவதற்கு ‘ஃபியர்’ போதும். பேனிக் திடுமென வரும், யோசிக்க விடாது, பக்கத்தில் நிற்பவரிடமிருந்தும் தொற்றும். ஆட்டு மந்தை காரணமில்லாமல் மிரண்டு ஓடினால் அது ‘பான்’ என்ற மேய்ச்சல் தெய்வத்தின் வேலை என்றார்கள் பழைய கிரேக்கர்கள். சொல்லும் அந்தத் தெய்வத்தின் பெயரிலிருந்து பிறந்ததுதான். பெயராகவும் வினையாகவும் வரும். நம் பிள்ளைகள் ‘பேனிக் ஆயிட்டேன்’ என்று தமிழோடு ஒட்டியே விட்டார்கள்.

2017 முதல் விற்கும் செல்போன்களில் ‘பேனிக் பட்டன்’ கட்டாயம் என்று மத்திய அரசு விதி போட்டது. ஸ்மார்ட்போனில் பவர் பொத்தானையே மூன்று முறை அழுத்தலாம் என்றது விதி. மிரண்டு போனவருக்கு எண்ணி அழுத்தத் தோன்றுமா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

புயல் அறிவிப்பு வந்ததும் கடைகளில் பால் பாக்கெட்டும் மெழுகுவர்த்தியும் தீர்ந்துபோனால் செய்தியாளர்கள் ‘பேனிக் பையிங்’ என்கிறார்கள். இது கொஞ்சம் அநியாயம். போன மழையில் கரண்ட் இல்லாமல் கிடந்த குடும்பம் இரண்டு பாக்கெட் கூடுதலாக வாங்கினால் அது முன்யோசனை. அமெரிக்கச் சமூகவியலாளர் என்ரிகோ குவாரன்டெல்லி 1950-களிலேயே பேரிடர் நேரத்துப் பேனிக்கை ஆராய்ந்தார். பேரிடரில் புத்தி பேதலித்து ஓடும் கூட்டம், நாம் நினைக்கும் அளவுக்கு நிஜத்தில் இல்லை என்றார்.

அவர் கட்சிக்குத் தாம்பரமே சாட்சி சொல்லும். 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் இங்கே பெய்தது 49 செ.மீ. அடையாறு கரை புரண்டு முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. கரண்ட் போனது, செல்போன் சிக்னலும் போனது. இன்னும் 250 செ.மீ. கொட்டப்போவதாக நாசா சொல்லிவிட்டது என்று ஒரு வதந்தி. வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று இன்னொன்று. இரண்டும் பொய். பண்ணை மறுப்பே வெளியிட வேண்டியிருந்தது. ஏரியிலிருந்து எவ்வளவு தண்ணீர் திறந்துவிடுகிறார்கள் என்ற தகவலே நேரத்துக்கு வந்து சேராத இடத்தில், வாட்ஸப்பை நம்பியவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதே நாட்களில்தான் மேல்மாடியில் இருந்தவர்கள் கீழ்வீட்டுக்காரர்களுக்கு இடம் கொடுத்தார்கள். இளைஞர்கள் இடுப்பளவு தண்ணீரில் சோற்றுப் பொட்டலம் சுமந்தார்கள். கடலோர மீனவர்கள் படகுகளோடு வந்து சிக்கியவர்களை மீட்டார்கள்.