ஈரலைக் கழுவும் பானம் உண்டா?

விடிந்தும் விடியாத நேரம். பெரட்டுக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு வீட்டில் எலுமிச்சையும் தேனும் கலந்த சுடுதண்ணீர். அடுத்த காம்பராவில் அரைத்துப் பிழிந்த வல்லாரைச் சாறு. இன்னொரு வீட்டில் ஹட்டன் டவுனில் வாங்கிய பக்கெட் தூள். எதற்கு என்று கேட்டால் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வருகிறது: "உடம்புல சேர்ந்த நஞ்சு எல்லாம் வெளியில போயிடும். ஈரல் சுத்தமாகும்."

இந்தப் பானங்களைத் தேடும் சகோதரிகள் மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள். ஒருத்திக்குத் தன் உடம்பு. வயிறு உப்பிசம், ஓயாத களைப்பு. இன்னொருத்திக்குக் குடிக்கிற கணவன். மூன்றாமவளுக்குக் கண் மஞ்சளான பிள்ளை. மூன்றும் நியாயமான கவலைகள். ஆனால் அந்தக் கவலைக்கு இந்தக் கிளாஸ் விடையா? இதை நாம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இதில் போவது ஒரு பக்கெட்டின் விலை மட்டுமல்ல, சில வேளை உயிரும்தான்.

ஈரல் என்ன செய்கிறது?

வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையில் இருப்பது ஈரல். நாம் சாப்பிடுவதும் குடிப்பதும் விழுங்கும் மாத்திரையும் இரத்தத்தோடு கலந்து அங்கேதான் போகின்றன. வேண்டாததை ஈரல் வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. அது பித்தநீரோடு மலத்திலும், இரத்தத்தின் வழியே சிறுநீரிலும் வெளியேறுகிறது. இந்த வேலை இரவும் பகலும் நடக்கிறது.

பலர் ஈரலைத் தேத்தண்ணி வடியைப் போல நினைக்கிறார்கள். வடியில் சக்கை தங்குவதுபோல ஈரலில் நஞ்சு தங்கும், அதைக் கழுவ வேண்டும் என்று எண்ணுகிறார்கள். அப்படி அல்ல. ஈரலில் கழுவி எடுக்க அழுக்கு எதுவும் படிந்திருப்பதில்லை. நோயுற்ற ஈரலில் இருப்பது கொழுப்பு, வீக்கம், தழும்பு. இவற்றில் எதையும் கரைத்து வெளியேற்றும் பானம் எதுவும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

மலை ஏறுகிற நமக்கும் கொழுப்பா?

"நாங்க நாள் முழுக்க மலை ஏறி எறங்குறோம். எங்களுக்கு எங்க கொழுப்பு வரும்?" என்று கேட்கலாம். நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு தோட்டங்களில் 35 முதல் 64 வயது வரையானவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. பரிசோதிக்கப்பட்ட 403 பேரில் அநேகமாக எல்லோரும் மலையகத் தமிழர்கள், உடலுழைப்பாளிகள். அவர்களில் 100க்கு 18 பேருக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. மதுவால் வந்தது இந்தக் கணக்கில் சேரவில்லை. ராகமைப் பகுதி நகரவாசிகளிடம் நடந்த ஆய்வில் இது 100க்கு 33 அளவில் இருந்தது. உழைப்பு நம்மை ஓரளவு காக்கிறது, முழுவதும் காக்கவில்லை.

காரணத்தை நம் அடுப்படியிலேயே தேடலாம். ஒரு நாளைக்கு ஆறு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் பன்னிரண்டு தேக்கரண்டி. அது ஐம்பது கிராம் அளவுக்கு வந்துவிடும். ஒருவருக்கு ஒரு நாளில் சேர்க்கப்படும் சீனி ஐம்பது கிராமுக்குக் குறைய வேண்டும், இருபத்தைந்துக்குக் குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. காலையும் மாலையும் கோதுமை மா ரொட்டி, மதியம் சோறு என்று மாச்சத்து மட்டுமே வயிற்றை நிரப்பினால், மிஞ்சுவதை உடம்பு கொழுப்பாக்கி ஈரலிலும் வைக்கிறது.

எலுமிச்சைத் தண்ணீரால் கெடுதி இல்லை. ஆனால் அதில் விடும் தேனும் ஈரலுக்குச் சீனிதான். ஈரலில் படிந்த கொழுப்பைக் குறைப்பது எடைக் குறைப்பு. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் மெதுவாக மூன்றரைக் கிலோ குறைத்தாலே ஈரல் கொழுப்பும் குறையத் தொடங்கும். வல்லாரை, முருங்கை, பொன்னாங்காணி எல்லாம் நல்ல கீரைகள். இலைக்கஞ்சியாகவும் சுண்டலாகவும் சாப்பிடுங்கள். அது சாப்பாடு. மருந்து என்று நினைத்து மாதக்கணக்கில் சாறு பிழிந்து குடிப்பது வேறு விஷயம்.

குடிக்கிற கணவனுக்கு

சாராயமோ கசிப்போ, மது ஈரலில் முதலில் கொழுப்பைச் சேர்க்கிறது. பிறகு வீக்கம். கடைசியில் தழும்பாகி ஈரல் சுருங்குகிறது. முதல் கட்டத்தில் குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே ஈரல் தேறத் தொடங்கும். சுருங்கிய ஈரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது கடினம். அப்போதும் குடியை நிறுத்தியவர் நிறுத்தாதவரைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்.

இரவில் குடித்தவருக்குக் காலையில் கொடுக்கும் சாறு இதில் எதையும் மாற்றாது. மாறாக, "அதான் மருந்து குடிக்கிறேனே" என்ற தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது.

இழப்புக்குப் பிறகு குடிக்கத் தொடங்கியவர்கள் உண்டு. 1977இலும் 1983இலும் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய், அங்கும் எல்லாவற்றையும் இழந்து திரும்பியவர்களை நமக்குத் தெரியும். தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்கிய பெண்களும் இருக்கிறார்கள். இது வெட்கப்பட்டு மறைக்க வேண்டிய விஷயமல்ல. வைத்தியசாலை மனநலக் கிளினிக்கில் குடியை விடுவதற்கும் உதவி கேட்கலாம். பல வருடங்கள் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வரக்கூடும். ஆகவே வைத்தியரிடம் சொல்லி நிறுத்துவதே பாதுகாப்பு. இன்னொன்றையும் மனதில் வையுங்கள் சகோதரி: இன்னொருவரின் ஈரலுக்கான பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில் இல்லை.

கண் மஞ்சளான பிள்ளைக்கு

செங்கண்மாரி என்றும் மஞ்சள் காமாலை என்றும் நாம் சொல்வது ஈரல் பாதிக்கப்பட்டதன் அடையாளம். பிள்ளைகளிடம் இதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது, அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஏ வகை வைரஸ். 2007இல் கம்பளையில் இது பெருமளவில் பரவியது. 2009இல் வவுனியா முகாம்களில் இருந்தவர்களுக்கும் அந்த நாட்கள் மறந்திராது.

அப்போது எல்லோரும் தேடுவது கீழ்க்காய்நெல்லி. இதைப் பற்றி உண்மையான ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் பி வகை வைரஸ் உடம்பில் தங்கியவர்களுக்குக் கீழ்க்காய்நெல்லித் தூள் கொடுத்துப் பார்த்தார்கள். மூலிகை பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது என்று 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு மதிப்பீடும், பலன் உண்டு என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றே முடித்தது.

அப்படியானால் சாறு குடித்துச் சுகமான பிள்ளைகள்? ஏ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மாறிவிடும். சுகமாக்கியது பிள்ளையின் உடம்பு, பெயர் போனது சாற்றுக்கு. ஆபத்து எங்கே என்றால், சாற்றை நம்பி வீட்டிலேயே வைத்திருப்பதில். நூறு பிள்ளைகளில் எந்தப் பிள்ளைக்கு ஈரல் செயலிழக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மூலிகையும் ஈரலைக் கெடுக்குமா?

கெடுக்கும். பேராதனையில் நடந்து 1981இல் வெளியான ஆய்வு, நம் நாட்டு மருந்துச் செடிகள் சிலவற்றில் ஈரலைத் தாக்கும் இரசாயனம் இருப்பதைக் காட்டியது. 2005இல் ஆர்ஜென்டினாவில் மெலிவதற்காக வல்லாரை மாத்திரை எடுத்த மூன்று பெண்களுக்குக் காமாலை வந்தது. கொரோனா காலத்தில், 2020இல், மும்பையில் சீந்தில் குடித்த ஆறு பேருக்கு ஈரல் பாதித்ததை வைத்தியர்கள் பதிவு செய்தார்கள். ஈரல் மட்டுமல்ல, காமரங்காச் சாற்றால் சிறுநீரகம் கெட்ட இருவரைப் பற்றி நம் மத்திய மாகாண வைத்தியர்கள் 2015இல் எழுதினார்கள்.

நம் தேயிலையே இதற்கு நல்ல உதாரணம். கோப்பையில் குடிக்கும் பச்சைத் தேயிலைச் சாயத்தால் பொதுவாகப் பயமில்லை. அதே இலையின் சத்தைக் காய்ச்சி இறுக்கி, மெலிவதற்கான மாத்திரையாக்கி அதிக அளவில் விழுங்கியபோது சிலருக்கு ஈரல் பாதித்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு நிறுவனம் 2018இல் இதைப் பற்றி எச்சரித்தது. செடி ஒன்றுதான். அளவு மாறும்போது மருந்தும் நஞ்சாகிறது.

என்ன செய்யலாம்?

- தேத்தண்ணியில் சீனியை வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். நாக்கு பழகிவிடும்.
- குடிதண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள். கழிவறைக்குப் போய் வந்ததும், பிள்ளையைக் கழுவிவிட்டதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.
- உடம்பு வலிக்கு பரசிற்றமோல் எடுப்பவர்கள் கவனியுங்கள். பெரியவருக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் ஒருபோதும் கூடாது. மெலிந்தவருக்கும் குடிப்பவருக்கும் அதுவே அதிகம்.
- 35 வயதைத் தாண்டிய பெண்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். எடை, பிரஷர், சீனி பார்ப்பதற்குப் பணம் இல்லை. ஈரல் கொழுப்போடு கைகோத்து வருபவை இவைதான்.
- சாறோ தூளோ குடித்திருந்தால் வைத்தியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். பக்கெட்டையும் கொண்டுபோங்கள்.

கண் மஞ்சளானால் தோட்ட டிஸ்பென்சரியிலோ வைத்தியசாலையிலோ அன்றே காட்டுங்கள். கர்ப்பிணிக்குக் காமாலை என்றாலும், பேச்சு தடுமாறினாலும், ஓயாமல் வாந்தி எடுத்தாலும், இரத்த வாந்தியோ கறுப்பு மலமோ போனாலும், வயிறு வீங்கினாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஈரல் நம்மிடம் கேட்பது அதிகமில்லை. சீனியைக் குறைக்க வேண்டும், மதுவை விட வேண்டும், சுத்தமான தண்ணீர் வேண்டும், நேரத்துக்கு வைத்தியம் வேண்டும். பக்கெட்டுக்குக் கொடுக்கும் காசில் பிள்ளைகளுக்கு இரண்டு முட்டையும் ஒரு பிடி கீரையும் வாங்குங்கள், சகோதரிகளே. ஈரல் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.