தளம் அமைக்குமுன்

வீடு கட்டப் புகும் கொத்தனார், அதில் வாழ்வார் எத்துணையர் என்று வினவாமல் கடைக்கால் தோண்டுவதில்லை. இணையத்தளம் அமைப்போருள் பலரோ, வண்ணம் யாது, படம் யாது என்பவற்றையே முதற்கண் வினவுகின்றனர். செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ அமைத்த முதல் தளத்தில் படமே இல்லை. வலை என்பது இன்னது என விளக்குதலே அதன் பயன். அப்பயனை அது செவ்வனே ஆற்றியது.

ஆதலின், வருவார் யாவர், எதனை நாடி வருவர் என்பதே முதல் வினா. நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தளம் வேண்டுகிறது என்க. சேலையின் விலை அறிய வருவாரே மிகுதியாயின், விலை முகப்பிலும் சங்க வரலாறு உள்ளேயும் அமைதல் தகும். செய்திகளை எழுதித் தருவார் யார் என்பதும் அறிதற்குரியது. அவை பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டவையாயின் ஒருங்குறிக்கு மாற்றவேண்டும். அவ்வுழைப்பையும் கூலியில் சேர்த்துப் பேசுதல் முறை.

பலர் கேட்க மறக்கும் வினா ஒன்று உண்டு. தளத்தின் முகவரி யார் பெயரில் பதியப்படும்? முகவரி ஒரேயடியாக விலைக்குக் கிடைப்பதன்று. கெடு முடியுந்தோறும் பணம் செலுத்திப் புதுப்பிக்கப்படுவது. அமைத்தவர் தம் பெயரில் பதிந்துகொண்டு வேற்றூர் சென்றுவிடின், சங்கத்தார் பெயர்ப்பலகையையும் வாயிலையும் ஒருங்கே இழப்பர். சங்கத்தின் பெயரிலேயே பதிவித்து, புதுப்பிக்கும் நாளை அவர்தம் கணக்கேட்டில் குறிக்கச் செய்தல் அமைப்பவர் கடமை.