மாடு தின்னாத உமி, டயருக்குள் போன கதை

நூறு கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 20 கிலோ உமி மிஞ்சும். தவிட்டுக்கு வாயை நீட்டும் மாடு, உமியை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். உமியில் அவ்வளவு சிலிக்கா! மண்ணில் கரைந்திருக்கும் சிலிக்காவை நெற்பயிர் வேரால் உறிஞ்சி, உமியின் வெளித்தோலில் படியவிடுகிறது. விரலிடுக்கில் தேய்த்தால் சொரசொரப்பது அதுதான். அன்று உமிக்கரியால் பல் துலக்கியபோது அழுக்கை எடுத்ததும் அதுதான்.

நெல்மணியைக் காக்கும் இந்தக் கவசம் நானோ துகள்களால் ஆனது. ஆகவே நானோ சிலிக்காவைப் புதிதாக உருவாக்க வேண்டியதில்லை. சுற்றியுள்ள கரிமப் பொருளை எரித்து நீக்கினால் போதும்.

எரிப்பதில்தான் சூட்சுமம். ஆரணி, காங்கேயம் போன்ற ஊர்களில் அரிசி ஆலை பாய்லருக்கு உமிதான் எரிபொருள். அங்கே ஆவிதான் முக்கியம், சாம்பல் அல்ல. சூடு கட்டுக்கடங்காமல் ஏறினால், உமியிலுள்ள பொட்டாசியம் சிலிக்காவை உருக்கித் துகள்களை ஒட்டவைத்துவிடும். கரியும் உள்ளே சிக்கிச் சாம்பல் கறுத்துவிடும். இன்னும் ஏறினால் சிலிக்கா படிகமாக மாறும். அந்தத் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் கெடும். மாறாக, உமியை முதலில் அமிலத்தில் அலசி, 600 முதல் 700 டிகிரி செல்சியஸுக்குள் நிதானமாக எரித்தால், விபூதி போல வெள்ளைத் தூள் கிடைக்கிறது.

2013இல் தென்கொரியாவின் கெய்ஸ்ட் (KAIST) நிறுவன ஆய்வாளர்களும் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வாளர்களும் தனித்தனியே ஒரு படி மேலே போனார்கள். மெக்னீசியத்தைக் கொண்டு இந்தச் சிலிக்காவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, லித்தியம் பேட்டரிக்கான சிலிக்கானை எடுத்தார்கள். எடைக்கு எடை, இந்தப் பேட்டரிகளில் வழக்கமாக இருக்கும் கிராஃபைட்டைவிடச் சுமார் பத்து மடங்கு மின்னூட்டத்தைச் சிலிக்கான் தாங்கும். ஆனால் சார்ஜ் ஏறும்போது பல மடங்கு உப்பி நொறுங்கிவிடும். உமியில் பிறந்த சிலிக்கானுக்கு அந்தத் தொல்லை குறைவு. காற்றும் ஈரமும் போய்வர நெல் விட்டுவைத்த நுண்துளைகள், உப்புவதற்கு இடம் தருகின்றன.

டயர் தொழிலோ உமிச் சிலிக்காவைச் சந்தைக்கே கொண்டுவந்துவிட்டது. உமிச்சாம்பல் சிலிக்காவை டயரில் சேர்க்கப்போவதாக 2014இல் குட்இயர் அறிவித்தது. சிலிக்கா கலந்த டயர் எளிதாக உருளும், எரிபொருள் மிச்சமாகும்.

இதில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அலசிய அமிலத்தை அப்படியே வாய்க்காலில் விட்டால், ஒரு கழிவை ஒழிக்கப்போய் அதைவிடக் கொடிய கழிவைப் பெற்றதாகிவிடும். வழக்கமான ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதிலாக, எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தாலேயே உமியை அலச முடியும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அப்படிக் கிடைத்த சிலிக்காவின் தூய்மை சுமார் 99 சதவீதம்.