கருங்குறும்பை ஆடும் நாட்டுக் கம்பளியும்

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் புன்செய்க் காடுகளில் மேயும் செம்மறியாடுகள் யாவும் ஒரே ஜாதியென்று எண்ணுவோர் பலர். கம்பளி நெய்பவர் அவ்வாறு எண்ணார். மேச்சேரி, நங்கவள்ளி, கொளத்தூர்ப் பக்கங்களில் மிகுதியாயுள்ள மேச்சேரி ஆடு செந்நிறமும் குட்டை மயிரும் உடையது. அதன் இறைச்சிக்கும் தோலுக்கும் நல்ல கிராக்கி உண்டு. 1978-ம் வருஷத்தில் பொட்டனேரியில் அதற்கெனவே ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. எனினும் கத்தரி வைத்து எடுக்கத்தக்க உரோமம் அதனிடம் இல்லை. கம்பளிக்கு உதவுவது திருச்சி கருங்குறும்பை என்னும் ஜாதியே. திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், சேலம், தருமபுரிப் பகுதிகளுக்குரிய இவ்வாடு உருவில் சிறியது. உடல் முழுதும் கறுப்பு. கிடாய்க்குக் கொம்புண்டு, பெட்டைக்கு இல்லை.

இதன் உரோமம் மிகவும் முரடானது. மெரினோ ஆட்டின் உரோமத்தைப் போல் மெல்லிய சட்டைத் துணிக்கு ஆகாது. ஆயினும் முரட்டுத்தனமே குடியானவனுக்கு வேண்டிய குணம். மழையில் கொங்காடையாய்த் தலையில் போட்டுக்கொள்ளவும், களத்தில் விரித்துப் படுக்கவும் உழைப்பது இக்கம்பளியே. உரோமம் தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை உட்கொண்டும் தொட்டால் நனைந்ததாய்த் தோன்றாது. நிறம் இயற்கையாதலால் சாயச் செலவும் இல்லை.

நல்ல கம்பளி தறியில் தொடங்குவதன்று, கிடையில் தொடங்குவது. அறுவடையான நன்செய் வயலில் கிடை மறித்தால் நிலத்துக்கு எரு சேரும். ஆட்டின் வயிற்று மயிரில் சேறும் சேரும். ஆகையால் கத்தரிக்குமுன் ஆடுகளை ஏரியிலோ கிணற்றடித் தொட்டியிலோ குளிப்பாட்டி, உலர்ந்த தரையில் ஓரிரண்டு நாள் அடைத்து வைத்தல் வேண்டும். நெருஞ்சி முள்ளையும் ஒட்டுப் புல்லையும் அப்போதே நீக்கிவிடுவது நலம். பின்னர் நூற்பவர் விரலில் அவை குத்தும்போது நீக்குவது இரட்டை வேலை. வயிறு, கால், வால் ஆகிய இடங்களின் மயிரை முதுகு மயிருடன் கலக்கலாகாது. ஈரத்தோடு கட்டிய மூட்டை புழுங்கி நாறும். இழையின் பலமும் போகும்.

இவ்வுரோமத்தை வில்லினால் அடித்துப் பஞ்சாக்கி, தக்கிளியிலோ இராட்டையிலோ நூற்கின்றனர். கம்பளி நூல் பிசிறு மிகுந்தது. அப்படியே பாவோட்டினால் அறுந்துகொண்டேயிருக்கும். அதற்கு மருந்து புளியங்கொட்டை. கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, அரைத்துக் காய்ச்சிய பசையைப் பாவின்மேல் தடவி உலர்த்துவர். பிசிறு படிந்து இழை இறுகும். புதுக் கம்பளி மரப்பலகைபோல் விறைத்திருப்பது இப்பசையினாலேயே. இரண்டொரு சலவையில் இளகிவிடும். வாங்குவோர் சிலர் இதைக் குறையாகக் கருதுவது அறியாமை. நெசவு பெரும்பாலும் ஆட்டுக் குடிகளான குறும்பரிடையே வழிவழி வந்தது. தறியின் அகலம் போதாதவிடத்து இரண்டு பட்டைகளை இணைத்துத் தைப்பர்.

இத்தொழிலுக்கு நேர்ந்துள்ள ஆபத்து ஆலைப் போர்வை மட்டுமன்று. இறைச்சி விலையை நோக்கிக் கருங்குறும்பைப் பெட்டைகளுடன் மயிரின ஆட்டுக் கிடாயைச் சேர்ப்பது மெத்தச் சுலபம். பிறக்கும் குட்டி சந்தையில் எடை காணலாம். உரோமமோ தலைமுறைக்குத் தலைமுறை குறையும். குறைந்த உரோமத்தைக் கத்தரிக்கக் கூலி கட்டாமல், அது வேலியோரத்தில் எறியப்படும். உரோமம் வராத ஊரில் இராட்டை பரணுக்கு ஏறிவிடும். அதை மீண்டும் இறக்க மானியம் மட்டும் போதாது.

ஆகவே மந்தை வைத்திருக்கும் நிலச்சுவான்தார் ஒவ்வொருவரும் கலப்பற்ற கறுப்புக் கிடாய் ஒன்றையேனும் தனியே காத்து, அதன் வழிப் பெட்டைகளைப் பிரித்து வளர்த்தல் அவசியம். கிராம அதிகாரிகள் மேய்ச்சல் புறம்போக்கை ஆக்கிரமிப்பினின்று காப்பாற்றுவது இதற்குப் பேருதவி. நெசவுக்கு உதவாத கழிவு உரோமத்தையும் எரிக்க வேண்டா. அதில் தழைச்சத்து மிகுதி. மெல்ல மக்குமாதலால் தென்னையின் பாத்தியில் மண்ணுக்குள் புதைத்து நீர்விட்டால் நெடுநாள் பயன் தரும்.